ஹெலினா சொல்லாத நான்கு வரிகள்

தேரா, துபாய்
9 அக்டோபர் 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுசீலாவின் வணக்கம். நீங்களும் அண்ணியும் சுகம்தானே? அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எங்கள் மூவருக்கும் ஒரு குறையும் இல்லை. வெயில் இறங்கிவிட்டது. மாலையில் தாமரையைக் கூட்டிக்கொண்டு க்ரீக் என்கிற கடல்கழி ஓரமாக நடக்க முடிகிறது. அவள் தூக்கத்தில் உளறுவதுகூட இப்போது இங்கிலீஷில்தான்.

ஒரு விஷயம் எழுதக் கை துறுதுறுக்கிறது. போன வெள்ளிக்கிழமை நாசர் ஸ்கொயர் பக்கம் ஒரு கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மாள் அழுகல் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ திட்டினாள். இவர் சட்டென்று அதே பாஷையில் பதில் சொன்னார். அந்த அம்மாள் கிழங்கைக் கீழே போட்டுவிட்டாள். திருச்சி பாய்லர் தொழிற்சாலையிலிருந்து இவரைச் செக்கோஸ்லோவாகியாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்களே, அந்தச் செக் பாஷை இங்கே வந்து காய்கறிக் கடையில் உதவியிருக்கிறது!

அவள் பெயர் ஹெலினா. புருஷன் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி மூலமாக இவருடைய பவர் ஸ்டேஷனிலேயே வேலை பார்க்கிறார். ஊரில் ரஷ்ய டாங்குகள் புகுந்த மறு வருஷம், எல்லையை மூடுவதற்குச் சற்று முன் வெளியேறியவர்கள். அதற்கு முன்னால் ஹெலினா பிராக் நகரத்தில் 'ப்ராஹ்' என்ற வாரப் பத்திரிகையில் துணை ஆசிரியர். ப்ராஹ் என்றால் வாசற்படி. அவர்கள் ஊர்ப் பெயரே அந்தச் சொல்லிலிருந்து வந்தது என்பார்களாம். அரசியல், நாடகம், கவிதை, வீட்டுப் பிரச்சினை எல்லாம் எழுதிய பத்திரிகை. இன்று இல்லை.

அதன் கதையை நம் 'மறுகரை' பத்திரிகைக்கு எழுதட்டுமா? ஹெலினா சம்மதித்துவிட்டாள். "என் பேரைப் போட்டுக்கோ. என்னை இனிமே அவங்க என்ன செய்ய முடியும்? ஆனா நான் சொல்லாததை என் வாயில வைக்காதே. அது ஒண்ணுதான் கேக்கறேன்" என்றாள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
சுசீலா

*

திருச்சி
28 அக்டோபர் 1975

பிரியமுள்ள தங்கை சுசீலாவுக்கு,

அண்ணன் பத்மநாபனின் ஆசிகள். மாப்பிள்ளை பாஸ்கருக்கும் குழந்தைக்கும் என் அன்பு. இங்கே மழை பிடித்துக்கொண்டது. உன் அண்ணியின் முழங்கால் மழைக்கு முன்னரே அறிவிப்புக் கொடுத்துவிட்டது, மற்றபடி சுகம்.

உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய கல்லூரி ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். எழுது, சுசீலா! எமர்ஜென்சி வந்த நாளிலிருந்து டெல்லிப் பத்திரிகைகள் கத்தரிக்கோலுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நம் மாநிலத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் மூச்சு மிச்சமிருக்கிறது. அந்த மூச்சு இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும். பிராகைப் பற்றி எழுதினால் படிக்கிறவனுக்குப் புரியும். கத்தரிக்கோல்காரனுக்குப் புரியாது.

அந்த அம்மாளிடம் என் வாக்கைச் சொல். ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன். நான் கல்லூரி வாத்தியார் என்பதால் 'மறுகரை' உன் அண்ணி பெயரில் பதிவாகியிருக்கிறது. 'ஆசிரியர், வெளியிடுபவர்: ஜெயலட்சுமி' என்று அச்சில் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள். ஆனால் நடத்துகிறவன் நான். என் வாக்கு வாக்குதான்.

மூன்று பகுதிகளாக அனுப்பு. உன் பெயரிலேயே வரட்டும்.

என்றும் உன் நலம் கோரும்,
பத்மநாபன்

*

தேரா, துபாய்
24 ஜனவரி 1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். இங்கே இரண்டு நாள் மழை. தெருவெல்லாம் குளம். ஊரே பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

டிசம்பர், ஜனவரி இதழ்கள் கிடைத்தன. நான் எழுதியது எழுதியபடி இருக்கிறது. ஹெலினாவிடம் வரி வரியாக இங்கிலீஷில் சொன்னேன். யாரும் வாங்காத பத்திரிகையாக அது தொடங்கியது, ஒரு வாரம் தணிக்கைக்காரர் காய்ச்சலில் படுத்திருந்த சமயம் பார்த்து, கைக்குழந்தையோடு ஒற்றை அறையில் வாழும் தம்பதிகளைப் பற்றி ஒரு கட்டுரை நுழைந்தது, அடுத்த வாரம் கடைகளில் வரிசை நின்றது, அந்த இடத்தில் அவள் கை தட்டினாள். தணிக்கையை எடுத்த கோடைகாலம், பிறகு டாங்குகள், அச்சகம் மாற்றி மாற்றி அடித்து டிராம் ஓட்டுநர்கள் கையில் கொடுத்தனுப்பிய இதழ்கள். அதைச் சொல்லும்போது அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்! துபாயில், மூன்றாவது மாடியில்.

இத்துடன் மூன்றாவது பகுதி. பத்திரிகை எப்படி முடிந்தது என்பது. இதைச் சொல்ல அவளுக்கு நான்கு வெள்ளிக்கிழமைகள் ஆயின.

"எங்களை யாரும் பூட்டலை சுசீலா. அதுதான் இன்னிக்கும் எரியுது. எங்க ஆசிரியரைக் கூப்பிட்டாங்க. காபி குடுத்தாங்க. கொஞ்சம் நியாயமா நடந்துக்குங்கன்னாங்க. அவ்வளவுதான். அவர் திரும்பி வந்து, தானே உட்கார்ந்து ஒரு தலையங்கம் எழுதினார். டாங்குக்கு நன்றி சொல்லி! அவங்க அதைக் கேக்கவே இல்லை. கொஞ்ச நாள்ல பத்திரிகையையும் நிறுத்திட்டாங்க. தலையங்கமும் காப்பாத்தலை" என்றாள்.

டாங்குகள் வந்தது சரிதான் என்ற தாளில் கையெழுத்துப் போட மறுத்த சக ஊழியர் ஒருவர் இன்று ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் பாய்லர் அறையில் கரி அள்ளுகிறார். அங்கேயே இருக்கிறவர் என்பதால் பெயரை மாற்றி மிலோஷ் என்று எழுதியிருக்கிறேன். இவர் அதைக் கேட்டுவிட்டு "எந்த மாதிரி பாய்லர்?" என்றார். ஹெலினா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அண்ணா, இந்தப் பகுதிதான் உயிர். பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சுசீலா

*

திருச்சி
10 மார்ச் 1976

அன்புள்ள சுசீலாவுக்கு,

ஆசிகள். மாப்பிள்ளைக்கு வேலைப் பளு எப்படி? தாமரை நன்றாகச் சாப்பிடுகிறாளா? பாலைவனத்து ஊரில் குழந்தைகளுக்குச் சூடு சேர்ந்துவிடும், இளநீர் கிடைக்காவிட்டால் மோராவது கொடு. உன் உடம்பையும் கவனித்துக்கொள். அண்ணிக்கு ஒரு வாரம் சளி. இப்போது தேவலை.

போன மாதத்திலிருந்து இங்கே கவர்னர் ஆட்சி என்பது உனக்குத் தெரிந்திருக்கும். கடிதத்தில் எல்லாம் எழுத முடியாது.

உன் மூன்றாம் பகுதி இந்த மாத இதழில் வந்துவிட்டது. இடம் போதாமல் லேசாகச் சுருக்க வேண்டியிருந்தது. இதழைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

அன்புள்ள,
பத்மநாபன்

*

தேரா, துபாய்
22 மே 1976

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

தபாலில் சேர்த்ததாகச் சொன்ன இதழ் வரவே இல்லை. ஏப்ரலில் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. நேற்று லீவு முடிந்து திருச்சியிலிருந்து வந்த சீதாராமன், இவரோடு வேலை பார்ப்பவர், ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தார். "உங்க கட்டுரை வந்திருக்கு சிஸ்டர்" என்றார். வாசலில் நின்றபடியே படித்தேன்.

கடைசிப் பக்கத்தில் காபியைக் காணோம். ஆசிரியர் எழுதிய தலையங்கத்தைக் காணோம். மிலோஷைக் காணோம். அந்த இடத்தில், என் பெயருக்கு மேலே, இது இருக்கிறது:

"அன்று நாங்கள் சுதந்திரம் என்று நினைத்தது வெறும் பொறுப்பின்மை. எங்கள் பத்திரிகை நின்றது எங்களுக்கே நல்ல பாடம். கட்டுப்பாடு வந்த பிறகுதான் தேசம் நிம்மதியாக மூச்சு விட்டது. இதை உணர எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று, என்று கண்கலங்கச் சொல்கிறார் திருமதி ஹெலினா."

கண்கலங்க! அந்தப் பெண் என் முன்னால் ஒரு தடவைகூடக் கண்கலங்கியதில்லை. கோபப்பட்டிருக்கிறாள், சிரித்திருக்கிறாள், மேஜையைக் குத்தியிருக்கிறாள். அழவைத்தது நீங்கள்.

இதை யார் எழுதியது? அதிகாரியா? எனக்கு நம்பிக்கை இல்லை. அதிகாரிகள் 'தேசம் மூச்சு விட்டது' என்று எழுத மாட்டார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு திரிகிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

வெட்டியிருந்தால் இப்படி எரியாது. வெட்டுவது அவர்கள் தொழில். கட்டுரையையே குப்பையில் போட்டிருந்தால்கூட ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதை முதல் கடிதத்திலேயே எழுதினேன்.

இவர் "விடு சுசீ, நாலு வரிதானே. அவங்களுக்குத் தமிழ் தெரியாது, நாமளும் சொல்ல வேண்டாம்" என்கிறார். "எனக்குத் தமிழ் தெரியுமே" என்றேன். ராத்திரி சாப்பாட்டை இரண்டு பேருமே தொடவில்லை.

யார் எழுதியது என்று பதில் எழுதுங்கள். மோரைப் பற்றி எழுத வேண்டாம்.

சுசீலா

*

திருச்சி
14 ஜூன் 1976

சுசீலாவுக்கு,

உன் கடிதம் கண்டேன். ஒரு தங்கை அண்ணனுக்கு எழுதுகிற கடிதமா அது?

ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்துகொண்டு வீரம் பேசுவது சுலபம். என் கல்லூரியில் ஒருவரை வகுப்பிலிருந்தே அழைத்துப் போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவர் மனைவிக்கே தெரியாது. துறைத் தலைவர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தணிக்கை அலுவலகப் படியேறினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியுமா? அந்த வரிகள் அவர்கள் கேட்டவை. மறுத்தால் 'மறுகரை' இல்லை, ஒருவேளை நானும் இல்லை. பத்திரிகை பிழைத்துக் கிடந்தால்தானே நாளைக்கு உண்மையை எழுத முடியும்?

ஒரு கட்டுரையின் நான்கு வரிக்காக இத்தனை ஆர்ப்பாட்டம். செக் நாட்டில் யார் 'மறுகரை' படிக்கப் போகிறார்கள்? தமிழில் வந்தது தமிழோடு போய்விடும்.

மாப்பிள்ளைக்கு இருக்கிற விவேகம் உனக்கும் வர வேண்டும்.

பத்மநாபன்

*

தேரா, துபாய்
5 அக்டோபர் 1976

அண்ணாவுக்கு,

தமிழோடு போய்விடும் என்றீர்கள். போகவில்லை.

போன வியாழக்கிழமை ஹெலினா வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவள் இல்லை. தாமரை "ஆன்ட்டி!" என்று ஓடினாள். அவள் குழந்தையைப் பார்க்கவே இல்லை. ஒரு செக் செய்தித்தாள் துண்டை இவர் கையில் கொடுத்து, "உன் பெண்டாட்டிக்குப் படிச்சுக் காட்டு" என்றாள்.

இவர் படித்தார். படிக்கப் படிக்கக் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. தலைப்பு: 'அரேபியாவிலிருந்து ஒரு மனமாற்றம்'. 'ப்ராஹ்' என்ற சீர்குலைவு ஏட்டில் பணியாற்றிவிட்டு நாட்டை விட்டு ஓடிய ஹெலினா என்பவர், முற்போக்கு இந்திய ஏடு ஒன்றில் தன் தவறை ஒப்புக்கொண்டிருக்கிறாராம். கீழே உங்கள் நான்கு வரிகள், செக் மொழியில். கண்கலங்கியதைக்கூட விடவில்லை.

அதோடு ஒரு கார்டு. மிலோஷ் என்று நான் பெயர் வைத்தவர், வியன்னா வழியாக யார் கையிலோ கொடுத்தனுப்பியது. "என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். என் பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை. நீ யாரும் கூப்பிடாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு கையெழுத்துப் போட்டாயா?" இவ்வளவுதான்.

"இது நான் எழுதியது இல்லை" என்றேன். வேறு என்ன சொல்வது, என் அண்ணன் என்றா? அதையும் சொன்னேன். அவள் செய்தித்தாள் துண்டை இவர் கையிலிருந்து வாங்கி மடித்தாள். "மார்ச்ல வந்தது. உனக்கு எப்பத் தெரியும்?" "மே மாசம்." "நாலு மாசம் என் வீட்டுல வந்து டீ குடிச்சே." கதவைத் தானே திறந்துகொண்டு போனாள். படியில் நின்று, "இனிமே வராதே" என்றாள்.

சைட்டில் அவள் புருஷன் இப்போது இவரோடு வேலை தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை. இவர் வீட்டுக்கு வந்து, "கலாஸ்! முடிஞ்சுது! இனிமே அந்தப் பத்திரிகை பேரை இந்த வீட்டுல எடுக்காதே" என்று கத்தினார். யார்மேல் கோபம் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

இதழ் பிராகுக்கு எப்படிப் போனது? யார் கொடுத்தது?

அச்சில் திருத்தம் போட முடியாது என்பீர்கள். போட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் 'இந்த வரிகளை ஹெலினா சொல்லவில்லை' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்திட்டு எனக்கு அனுப்புங்கள். அவள் மிலோஷுக்கு அனுப்பட்டும். ஒரே ஒரு தாள், அண்ணா. கேட்டது அவர்கள் என்றால் கையெழுத்திட உங்களுக்கு என்ன வெட்கம்?

சுசீலா

*

திருச்சி
18 டிசம்பர் 1976

அன்புள்ள சுசீக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் சௌக்கியம்தானே? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். தபாலில் போடத் தயக்கமாக இருந்தது. சீதாராமன் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அக்டோபர் கடிதத்துக்கு உன் அண்ணா பதில் போடவில்லை, போடவும் மாட்டார். மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். துவைக்க எடுத்தபோது நானும் படித்தேன்.

தணிக்கை அலுவலகத்துக்குப் போனது அவர் இல்லை சுசீ. நான். பத்திரிகை என் பெயரில்தானே. அந்த அதிகாரி சின்ன வயசு. "உட்காருங்கம்மா" என்றார். உன் கட்டுரையைப் படித்து ஒரே ஒரு வாக்கியத்தில் சிவப்புக் கோடு போட்டார். "இதை மட்டும் எடுத்துடுங்க. மத்தது வெளிநாட்டு விவகாரம்தானே" என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அண்ணா நம்பவில்லை. "அவ்வளவுதானா? என்னைப் பத்திக் கேக்கலையா? முகத்தை எப்படி வெச்சிருந்தான்?" என்று துருவித் துருவிக் கேட்டார். "சும்மா விட்டாங்கன்னா ஏதோ இருக்கு" என்றார். அப்புறம் அறைக்குள் போய் அந்த வரிகளை எழுதிக்கொண்டு வந்தார்.

"இதை யாரும் கேக்கலையே" என்றேன்.

"கேக்கறதுக்கு முன்னாடி குடுத்துட்டா கேக்க மாட்டாங்க" என்றார்.

முத்திரை குத்திய பிறகு மாற்றலாமா என்றேன். உனக்கு ஒன்றும் தெரியாது என்று அச்சகத்துக்கு அவரே எடுத்துப் போனார்.

பிராகுக்கு எப்படிப் போனது என்று கேட்டாயே. சோஷலிச நாடுகளோடு நட்பு வளர்க்கிற ஒரு சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்து, அருமையான கட்டுரை என்று பாராட்டிப் பிரதிகள் கேட்டார். உன் அண்ணா சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார். அவர்கள் கூட்டத்தில் பேசவும் போனார். மாலை போட்டார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். ஆனால் பயந்தவர் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அந்தப் படியேறும்போது எனக்கு மட்டும் பயமாக இல்லையா? உன்னைப்போலக் கோபத்தை எழுதத் தெரியவில்லை. அரிசி களைகிறபோது கல்லோடு சேர்த்து அரிசியையும் கொட்டிவிடுகிறேன்.

குழந்தைக்கு என் முத்தம்.

ஜெயலட்சுமி

*

திருச்சி
3 ஏப்ரல் 1977

என் அருமைத் தங்கை சுசீலாவுக்கு,

ஆசிகள் கோடி! இருள் விலகியது. எமர்ஜென்சி ஒழிந்தது, தணிக்கை ஒழிந்தது. தேர்தல் முடிவு வந்த அன்று காபி ஹவுஸில் முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். ஊரே மூச்சு விடுகிறது.

நடந்த கசப்பை மறந்துவிடுவோம். காலம் அப்படி இருந்தது. இப்போது ஒரு நற்செய்தி. ஜூனில் 'மறுகரை' சிறப்பிதழ் கொண்டுவருகிறேன். தலையங்கத்தின் தலைப்பு 'நாம் வளையவில்லை'. சிறு பத்திரிகைகள் எப்படி அந்த இருட்டில் சுடரை அணையாமல் காத்தன என்று எழுதுகிறேன். நம் பிராக் கட்டுரையை ஏன் போட்டோம், மறைமுகமாக என்ன சொன்னோம் என்பதையும் சேர்க்கிறேன். மூன்றாம் பகுதியின் முழு வடிவத்தை நீயே திருத்தமாகப் படி எடுத்து உடனே அனுப்பு. 'தணிக்கையால் சிதைக்கப்பட்ட கட்டுரை, முதன்முறையாக முழுமையாக' என்று போடுவோம். அந்த அம்மாளும் மகிழ்வாள்.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் அன்பு.

என்றும் உன்,
அண்ணன்

*

தேரா, துபாய்
15 ஏப்ரல் 1977

அண்ணாவுக்கு,

அனுப்ப மாட்டேன்.

தணிக்கை சிதைக்கவில்லை. தணிக்கை ஒரு வாக்கியத்தை எடுத்தது. மற்றதைச் சிதைத்தவர் நீங்கள், உங்கள் அறையில், உங்கள் பேனாவால். எனக்கு எல்லாம் தெரியும். யார் சொன்னது என்று வீட்டில் போய்க் கத்த வேண்டாம். முத்திரை குத்திய படிவத்தையும் அச்சான இதழையும் சேர்த்துப் பார்த்த எவருக்கும் தெரியும்.

பயந்தீர்கள் என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். யாருக்குத்தான் பயமில்லை? உங்கள் கல்லூரி நண்பரைப் பிடித்துப்போனது உண்மை, அதைப் பார்த்து உங்களுக்கு உதறியதும் உண்மை. ஆனால் இப்போது பயமே இல்லையே? காபி ஹவுஸில் கட்டிப்பிடிக்கிறார்களே? இப்போதும் ஏன் பொய்? நான் கேட்ட ஒரு தாள் ஏன் இன்னும் வரவில்லை?

நீங்கள் வளையவில்லை என்று எழுதப் போகிறீர்கள். பிராகில் ஒருவர் வளையாமல் இருந்ததற்குக் கரி அள்ளிக்கொண்டிருக்கிறார். அவருடைய சிநேகிதியை அவர் கண்ணெதிரே வளைத்துக் காட்டியது நீங்கள்.

நீங்கள் எழுதியதை நீங்கள் எழுதியதாக அச்சில் போடுங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

சுசீலா

*

திருச்சி
20 ஜூன் 1977

அன்புள்ள சுசீக்கு,

சௌக்கியமா? வெயில் அங்கே எப்படி? இங்கே இந்த வருஷம் காவிரியில் தண்ணீர் வருகிறதுக்கு முன்னால் எங்கள் வீட்டில் வெள்ளம் வந்துவிட்டது.

ஜூன் இதழ் இத்துடன். முதல் பக்கத்தைப் பார்.

'நாம் வளையவில்லை' அச்சுக் கோத்து முடிந்திருந்தது. நான் நேராக அச்சகத்துக்குப் போனேன். அம்மையப்பன், அதுதான் அச்சக முதலாளி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சார் எழுதினதை எடுக்கணுமாம்மா? சாருக்குத் தெரியுமா?"

"பத்திரிகை யார் பேர்ல இருக்கு?" என்றேன்.

"உங்க பேர்லதான்."

"அப்ப எடுங்க. எனக்கு எழுத்துக் கூட்டி எழுதத் தெரியும். உட்கார ஒரு ஸ்டூல் குடுங்க."

அங்கேயே எழுதினேன். நாலு தடவை அடித்து எழுதினேன். இப்படி வந்திருக்கிறது:

"சென்ற ஆண்டு மார்ச் இதழில் திருமதி ஹெலினா சொன்னதாக வந்த கடைசி நான்கு வரிகளை அவர் சொல்லவில்லை. கட்டுரை எழுதிய சுசீலா எழுதவில்லை. தணிக்கை அதிகாரியும் கேட்கவில்லை. அவற்றை எழுதியவர் இந்தப் பத்திரிகையை நடத்தும் என் கணவர் பத்மநாபன். வெளியிட்டவள் நான். ஒரு பெண்ணின் பெயரை அவள் ஊராரிடம் கெடுத்தோம். கட்டுரையை ஹெலினா சொன்னபடியே இந்த இதழில் வெளியிடுகிறோம். ஜெயலட்சுமி, ஆசிரியர்."

அடுத்த பக்கத்திலிருந்து உன் மூன்றாம் பகுதி, முழுதாக. நீ முதலில் அனுப்பிய கையெழுத்துப் பிரதியை நான் பீரோவில் வைத்திருந்தேன். அதே வாசகத்தை இங்கிலீஷில் டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்திட்டு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று அந்த அம்மாளுக்கு, ஒன்று அவர் சிநேகிதருக்கு.

கட்டு வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணா பிரித்துப் பார்த்தார். "என்னை ஊர் முன்னால அம்மணமா நிறுத்திட்டே" என்றார். "நீங்க அந்தப் பொம்பளையை அவ ஊர் முன்னால நிறுத்தினீங்களே" என்றேன். அப்போதிருந்து மாடியில்தான் படுக்கை. என்னோடு பேச்சு இல்லை. சாப்பாட்டை மேலே கொண்டுபோய் வைக்கிறேன், தட்டு காலியாகக் கீழே வருகிறது. சந்தாதாரர்கள் சிலர் இனி அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒருத்தர், இதைப் படித்த பிறகு சேர்கிறேன் என்று எழுதியிருக்கிறார்.

எனக்குத் தூக்கம் வருகிறது சுசீ. ஒரு வருஷமாக வராத தூக்கம்.

அன்புள்ள,
அண்ணி

*

தேரா, துபாய்
9 ஜூலை 1977

என் அன்பான அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு இவர் கையில் கொடுத்தேன். இவர் படித்துவிட்டுக் கார் சாவியை எடுத்தார். "வா, கொண்டுபோய் விடறேன்" என்றார். அந்தப் பத்திரிகை பேரை எடுக்காதே என்று கத்திய அதே மனிதர்.

ஹெலினா கதவைப் பாதி திறந்து நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை. இங்கிலீஷ் தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தாள். பிறகு, "உங்க பாஷையில சில நூறு பேருக்குத் திருத்திட்டீங்க. பிராகில அந்தப் பொய்யை லட்சம் பேர் படிச்சாங்க" என்றாள். உண்மைதானே. "மிலோஷுக்கு அனுப்பறேன். அவனுக்குப் போய்ச் சேருமான்னு தெரியாது. ஆஸ்பத்திரியிலேர்ந்தும் அவனைத் தூக்கிட்டாங்களாம். இப்ப எங்கேன்னு யாருக்கும் தெரியலை."

திரும்பப் போகலாம் என்று படியில் கால் வைத்தேன். "பொறு" என்றாள். இதழைக் காட்டி, "அது என்ன, அதுவா? வந்து படி. இங்கிலீஷ்ல வேண்டாம். அச்சாகியிருக்கிறபடி படி" என்றாள்.

உட்கார்ந்து படித்தேன், அண்ணி. உங்கள் முதல் பக்கத்திலிருந்து கட்டுரையின் கடைசி வரி வரைக்கும், தமிழிலேயே. அவளுக்கு ஒரு சொல் புரியாது. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். தன் பெயர் வந்தபோதெல்லாம் விரலால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள். 'ப்ராஹ்' வந்தபோதும் தட்டினாள். ஆசிரியர் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்து எழுதிய இடத்தில் அந்தப் பெயர் வந்தும் தட்டவில்லை. அந்த இடம் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. என் குரல் மாறியிருக்கலாம்.

முடித்ததும், "முதல் பக்கம் யார் எழுதினது?" என்றாள். என் அண்ணி என்றேன். யாரைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்றும் சொன்னேன். தலையை ஆட்டினாள். "எங்க ஆசிரியருக்கும் பெண்டாட்டி இருந்தா. நல்ல பொம்பளை. எங்களுக்கெல்லாம் கேக் செஞ்சு அனுப்புவா. அவ எழுதலை" என்றாள்.

அவ்வளவுதான். டீ போடவில்லை. மறுபடி வா என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த இதழைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்து என்ன போடப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். பவர் ஸ்டேஷன் கேம்ப்களில் நம் ஊர்ப் பையன்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் எழுதியதில்லை. நான் எழுதுகிறேன். ஆசிரியர் நீங்கள் என்றால் எழுதுகிறேன்.

தாமரைக்குப் பல் விழுந்திருக்கிறது. இவருக்கு வெயிலில் கொஞ்சம் தலைவலி. முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடாக்கித் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணா மாடியிலிருந்து இறங்கி வந்து என்னைப் பற்றிக் கேட்டால், எல்லோரும் சுகம் என்று சொல்லுங்கள். அது உண்மைதான். அதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் உங்களிடம் கேட்க வேண்டாம். என்னிடம் கேட்கட்டும். முதலில் ஹெலினாவிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.

உங்கள்,
சுசீலா